பத்து மாதப் பாதை

ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் ஆறேகால் வரைதான் வரும். இரண்டு கேன் பிடித்து வைத்தேன். குச்சியால் பல் தேய்த்தேன். பால் இல்லை. கறுப்புத் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்தேன். நேற்று வாங்கிய சப்பாத்தியில் ஒன்று மிச்சம் இருந்தது, அதைச் சூடாக்காமல் தின்றேன். சட்டையைத் தேய்த்தேன். முதலில் காலர், பிறகு கை. துக்கத்துக்கு மழித்த தலையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை. சீப்பு தேவைப்படவில்லை.

போனில் எழுபதுக்கு மேல் செய்திகள். யாரோ ஒருவர் படம் அனுப்பியிருந்தார். வரைபடத்தில் மசூதியின் கூரைமேல் ஒரு நீச்சல் குளம். "இதைப் போடுங்க பாஸ். செம காமெடி." போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டினேன். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் விசாரணை. என் மனைவி அபுவா இறந்து ஆறு வாரம் ஆகிறது. அவளை ஏற்றி வந்த ஆம்புலன்ஸின் ஓட்டுநர் ஓசோரோவை வேலையை விட்டு நீக்குவதா வேண்டாமா என்று இன்று முடிவு செய்வார்கள். புகார்க் கடிதத்தை அவள் வீட்டார் எழுதிவிட்டார்கள். கணவன் என்ற முறையில் என் கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்தச் செய்திகள் வந்த இணையப் பக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிகள் விற்கும் வரைபடங்களில், கென்யாவின் வட கோடியில் இருக்கும் எங்கள் துர்கானா ஒரு பழுப்பு வெறுமை. அதனால் ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி, தடுப்பூசி வண்டி எல்லாரும் போனில் வைத்திருப்பது தன்னார்வலர்கள் வரையும் வரைபடம். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கிருந்தோ செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரில் இருந்துகொண்டே வரைகிறவர்களும் உண்டு. நிறையத் தப்பு இருக்கும். நான் நைரோபியில் புவியியல் படித்துவிட்டு இங்கே தண்ணீர் அலுவலகத்தில் ஆழ்துளைக் கிணறுகளைக் குறிக்கும் வேலையில் இருக்கிறேன். தப்புகள் என் கண்ணில் சுலபமாகப் படும். நாலு வருடம் முன்பு 'கோணல் வரைபடம்' என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். என் பெயர் போடவில்லை. தப்பைப் படம் பிடித்து, கீழே ஒரு வரி எழுதிப் போடுவேன்.

ஆட்டுப்பட்டியை யாரோ ரவுண்டானா என்று வரைந்திருந்தார்கள். 'ஆடுகள் வலமாகச் சுற்றவும்' என்று எழுதினேன். சிமெண்டு பூசிய கல்லறைகளை வரிசையாக வீடுகள் என்று வரைந்திருந்தார்கள். 'அமைதியான குடியிருப்பு. அக்கம்பக்கத்தார் தொல்லை அறவே இல்லை.' பதினாலாயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலும் நைரோபிக்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். எங்கள் ஊரில் அது என்னுடையது என்று அபுவாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் ஒரு மணலாறு வரைபடத்தில் பாதியில் நின்றுபோயிருந்தது. நின்ற இடத்திலிருந்து அதே வளைவுகளோடு ஒரு சாலை போயிற்று. முப்பத்துநாலு கிலோமீட்டர். சாலைக்குப் 'பள்ளிக்கூட வழி' என்று பெயர். வரைந்தவர் பெயர் கே. லோசிகே.

ஆறு எனக்குத் தெரிந்த ஆறு. நகுரியோவிலிருந்து எங்கள் டவுன் வரை வருவது. அபுவாவின் ஊர் நகுரியோ. இந்த மனிதர் ஆற்றை அழித்துவிட்டு அதன் மேலேயே ரோடு போட்டிருந்தார். அவர் பெயரும் தெரியும்படி படம் எடுத்துப் போட்டேன். 'துர்கானா நெடுஞ்சாலைத் துறையின் சாதனை: ஆற்றைக் காணவில்லை.'

சிரிப்புக்கு நடுவில் அவரே வந்து எழுதினார். "வருஷத்துல பத்து மாசம் அது ரோடு. ரெண்டு மாசம்தான் ஆறு. நான் பத்து மாசத்தை வரைஞ்சேன். தப்புன்னா எப்படி வரையணும்னு சொல்லிக்கொடுங்க."

நான் எழுதினேன்: "அந்த ரெண்டு மாசம் முதலை மேல ஏறிப் போயிடலாம் சார். டிக்கெட் எவ்வளவுன்னு மட்டும் போட்டுடுங்க."

அன்றுவரை நான் எழுதியதில் அதிகம் பேர் சிரித்தது அதற்குத்தான்.

எப்படி வரைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆறு இருக்க வேண்டும், பருவ ஆறு என்ற குறிப்போடு. அதன் படுகையிலேயே ஒரு வண்டித்தடம் வரைந்து, மழை மாதங்களில் மூடியிருக்கும் என்று எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை. சொல்லிக் கொடுத்திருந்தால் நகைச்சுவை போயிருக்கும்.

அபுவா என் தோள்மேல் சாய்ந்து படித்தாள்.

"இது எங்க ஊரு ஆறுதானே?"

"ஆமா."

"நீ என்னைப் பொண்ணு கேட்டு எந்த வழியா வந்த? ஆகாசத்துலயா?"

"அது வேற. மேப்புல போடுறதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"அப்போ அந்த முறையைச் சொல்லிக்குடேன். அந்த மனுஷன் கேக்குறாரில்ல?"

பிறகு முதலை வரியைப் படித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம்ப்பா அவரு" என்றாள். மறுபடி சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் அந்தச் சாலை இல்லை. நீலக்கோடு பழையபடி முழுசாக ஓடியது. நான் அதையும் போட்டேன். 'நகுரியோவில் வெள்ளம். சாலை அடித்துச் செல்லப்பட்டது.'

கடந்த பிப்ரவரியில் நைரோபியில் வரைபடத் தன்னார்வலர்களின் கூட்டம் நடந்தது. பக்கம் யாருடையது என்று அங்கே சிலருக்குத் தெரியும். பேசக் கூப்பிட்டார்கள். அபுவாவுக்கு எட்டாவது மாதம் தொடங்கியிருந்தது. நாலு நாள் தனியாக இருக்க வேண்டாமென்று அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். எங்கள் அலுவலக வண்டியில், ஆற்று வழியாகத்தான் போனாள். ஐம்பது நிமிடம்.

மூன்றாம் நாள் காலை அவளுக்கு உதிரம் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்கள். வழக்கமான ஓட்டுநர் விடுப்பில் இருந்தார். ஓசோரோ வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தெற்கே கிஸி பக்கத்து ஆள். கென்யாவிலிருந்து வந்தவர் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாங்களும் கென்யாதான், ஆனால் மலையேறித் தெற்கே போவதை இங்கே 'கென்யாவுக்குப் போறேன்' என்றுதான் சொல்வோம்.

போன் அவருக்குக் காட்டிய சாலை கல்மேடுகளைச் சுற்றிப் போவது. தொண்ணூற்றேழு கிலோமீட்டர். போக மூன்றரை மணி நேரம். திரும்பியதும் அதே வழி. கூட அவள் அம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். திரும்பும்போது அறுபத்தோராவது கிலோமீட்டரில் அபுவா இறந்தாள். குழந்தையும். பெண் குழந்தை.

அன்று நான் நைரோபியில் 'பள்ளிக்கூட வழி'யைத் திரையில் காட்டினேன். அரங்கம் சிரித்தது. அப்போது மணி என்ன என்று பார்த்து வைத்திருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரி முற்றத்தில் வேப்பமரத்தின் அடியில் ஓசோரோ உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். சீருடைச் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"சார், ரெண்டு தடவை உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். கதவைத் தட்ட கை வரலை."

"ம்."

"இதைக் கொஞ்சம் பாருங்க சார்." போனை நீட்டினார். "நான் சொல்றதை இங்க ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க. இது ஆறு. நீலமா இருக்கு. இதுல ரோடுன்னு ஒரு கோடு இருக்கா? நீங்களே சொல்லுங்க. நீங்க படிச்சவரு."

பார்த்தேன். "இல்லை."

"இல்லைதானே?" அவர் முகம் தளர்ந்தது. "இல்லைதானே சார்? இதை மட்டும் உள்ள வந்து சொல்லுவீங்களா? எனக்கு மூணு பிள்ளைங்க. ஊருக்குப் போனா, ஒரு பொம்பளையைக் கொன்னுட்டு வந்தவன்னு சொல்லுவாங்க. வேற எவன் ஸ்டியரிங்கைக் குடுப்பான்?"

நான் பதில் சொல்வதற்குள் அபுவாவின் சித்தப்பா லோபெயோக் வந்துவிட்டார். கையில் கம்பு. பின்னால் என் மாமியார்.

"மாப்ள, அவன்கூட என்ன பேச்சு? அவனுக்கு எல்லாத்துக்கும் போன் சொல்லணும். சோறு வாய்க்குப் போகணுமா மூக்குக்குப் போகணுமான்னு அதுகிட்டதான் கேட்டுத் தின்னுவான்."

ஓசோரோவுக்குத் துர்கானா மொழி தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமியாருக்கு ஸ்வாஹிலி தெரியாது. விசாரணை ஸ்வாஹிலியில்தான் நடக்கும். அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்திருந்தார்கள். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி, வெளுத்த நீலச் சட்டை. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"அடக்கத்துக்கு வர முடியலை, மன்னிக்கணும். பரீட்சை நேரம். நான் நகுரியோ பள்ளிக்கூடத்து வாத்தியார். அபுவா கல்யாணத்துக்கு அப்புறம் அங்க மாத்தலாகி வந்தவன். லோசிகே."

அந்தப் பெயரை அதுவரை நான் திரையில்தான் பார்த்திருந்தேன். கையை விடுவித்துக்கொண்டேன்.

உள்ளே நீள மேசை. விசாரணைக் குழுவின் தலைவி எசின்யென் மேடம். பக்கத்தில் ஒரு மருத்துவர், ஒரு தட்டச்சர். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.

வண்டியில் கூட வந்த நர்ஸ் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் எழுதிக் கொடுத்ததைத் தட்டச்சர் படித்தார். கடைசிப் பத்தி இது: "நோயாளி தொடக்கத்தில் சம்பந்தமில்லாமல் பேசினார். நினைவு தடுமாறியதாகக் கருதிப் பொருட்படுத்தவில்லை. பிறகு பேசவில்லை."

லோசிகே மாமியாரின் காதருகே குனிந்து சொன்னார். மாமியார் நிமிர்ந்தார்.

"என் பொண்ணு பினாத்தலை. ஜெபம் பண்ணிக்கிட்டே போனா. 'ஆண்டவரே என்னை ஏத்துக்கோ'ன்னா. போதகர் அடக்கத்துல சொன்னாரில்ல?"

நர்ஸுக்குப் புரிந்ததென்றால் அவள் வண்டியில் பேசியது ஸ்வாஹிலியில். மாமியாருக்கு அது புரிந்திருக்க வழியில்லை. போதகர் வண்டியிலேயே இல்லை.

மேடம் ஓசோரோவைக் கேட்டார். "ஆத்து வழி முப்பத்துநாலு கிலோமீட்டர். நீங்க தொண்ணூத்தேழு போயிருக்கீங்க. ஏன்?"

"மேப்புல ஆத்து வழி இல்லை மேடம்."

"இந்த ஊர்ல ஒவ்வொரு ஆட்டுக்கும் அந்த வழி தெரியும்."

"அன்னைக்கு ஆடு வண்டி ஓட்டலை மேடம். நான்தான் ஓட்டினேன்."

மருத்துவர் சிரிப்பை அடக்கிக் குனிந்தார். மேடம் சிரிக்கவில்லை. "திரும்பும்போதாவது யாரும் வழி சொல்லலையா?"

ஓசோரோ மேசையைப் பார்த்தார். "அவங்க அம்மா பின்னாடியிருந்து வண்டித் தகரத்தை அடிச்சாங்க. அழறாங்கன்னு நினைச்சேன்."

லோசிகே இதைச் சொன்னதும் மாமியார் கையை ஓங்கி மேசையில் தட்டினார். "இப்படி அடிச்சேன்! ஆத்துல இறங்குடான்னு அடிச்சேன். முள்ளு கிடந்துச்சான்னு அவனைக் கேளு."

"முள்ளா?" என்றார் மேடம். அவர் டவுன்காரர்.

லோசிகே விளக்கினார். "மேல மலையில மழை பேஞ்சா, சேதி வந்த உடனே ஆத்துல இறங்குற இடத்துல ஒரு முள்ளுக் கிளையை வெட்டிக் குறுக்கே போடுவாங்க மேடம். முள்ளு கிடந்தா ஆறு. இல்லன்னா ரோடு. கிளை போட்டது யாராயிருந்தாலும் அதைத் தாண்டி எவனும் இறங்க மாட்டான். அன்னைக்கு முள்ளு இல்ல."

"எனக்கு முள்ளும் தெரியாது மேடம்," என்றார் ஓசோரோ. "எங்க ஊர்ல ஆத்துல எப்பவும் தண்ணி ஓடும்."

"தெரியாதவனுக்கு எதுக்குச் சாவி?" என்றார் லோபெயோக். "மாப்ள, கையெழுத்தைப் போடு. முடிச்சிட்டுப் போவோம்."

கடிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். மூன்று வரி. 'கவனக்குறைவாக நீண்ட வழியைத் தேர்ந்தெடுத்து மரணத்துக்குக் காரணமானார்.' கீழே என் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

பேனாவை எடுத்தேன். எதிரில் ஓசோரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. என்னையும் காப்பாற்றிக்கொண்டே செய்யலாம் என்று நினைத்தேன்.

"மேடம், அந்த வழி மேப்புல இருந்துச்சு," என்றேன். "ரெண்டு வருஷம் முன்னாடி இருந்துச்சு. அப்புறம் எடுத்துட்டாங்க. இருந்திருந்தா இவரு அதுலதான் வந்திருப்பாரு. இவர் மேல தப்பில்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேப் வேலைதான் என் வேலை. யார் எதை எப்ப மாத்தினாங்கன்னு எல்லாம் அதுலயே இருக்கும்."

போனில் திறந்து மேசையில் வைத்தேன். வரைந்த தேதி. அழித்த தேதி. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் இருந்த பெயரைப் படிப்பார் என்று நான் யோசிக்கவில்லை. அழித்தது நீலக்கோட்டைக் காப்பாற்றும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். அழித்தவர் பெயரை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"வரைஞ்சவர் கே. லோசிகே," என்று படித்தார் மேடம். "அழிச்சவரும் கே. லோசிகே." நிமிர்ந்தார். "வாத்தியாரே, இது நீங்களா?"

லோசிகே கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா மேடம்."

லோபெயோக் எழுந்தேவிட்டார். "வாத்தி! வழியை அழிச்சியா நீ? நம்ம ஊரு வழியை நீயே அழிச்சியா?"

"தப்பா வரைஞ்சுட்டேன்னாங்க. ஒரு பக்கத்துல படம் போட்டு என்னைக் கேலி பண்ணாங்க. ஆயிரக்கணக்குல பேரு. முதலைன்னாங்க. பள்ளிக்கூடத்துல பெரிய பசங்க அதைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க. கரும்பலகையில முதலை படம் வரைஞ்சு வச்சாங்க." அவர் குரல் உயரவில்லை. "என்னால தாங்கிக்க முடியலை. அழிச்சுட்டேன்."

"எவனோ சிரிச்சான்னா வழியை அழிப்பியா? சிரிச்சவன் பல்லையில்ல உடைக்கணும்!"

"அவன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரோ நைரோபிக்காரன்."

லோபெயோக் கம்பை மாற்றிப் பிடித்தார். அறை முழுவதும் லோசிகேயைப் பார்த்தது. ஓசோரோவும். மாமியாருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. அவர் மட்டும் வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னா? என்னாங்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நைரோபிக்காரன் இல்ல," என்றேன். "நான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அந்தப் பக்கம் என்னோடது. முதலைன்னு எழுதினது நான்."

தட்டச்சர் கையை எடுத்துவிட்டார். லோசிகே கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எப்படி வரையணும்னு சொல்லிக்கொடுங்கன்னு கேட்டேன்," என்றார். "படிச்சீங்களா அதை?"

"படிச்சேன்."

"உங்களுக்குத் தெரியுமா, எப்படின்னு?"

"தெரியும்."

மாமியார் மறுபடி சட்டையை இழுத்தார். லோசிகே அவர் பக்கம் குனிந்தார். மொழிபெயர்க்கத்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். மொழிபெயர்த்தார். "ஆத்து வழியை மேப்புல நான் போட்டிருந்தேம்மா. மாப்பிள்ளை அதைப் பாத்துச் சிரிச்சாரு. நான் அழிச்சுட்டேன். அதனால டிரைவருக்குத் தெரியலை."

மாமியார் யோசித்தார். "சிரிச்சா வழி போயிடுமா?"

"போயிடுச்சும்மா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"துக்கத்துல என்னமோ பேசுறாரு," என்றார் மருத்துவர்.

"இல்ல," என்றார் லோபெயோக். "தெளிவாத்தான் பேசுறான்." என் எதிரே வந்து நின்றார். கம்பால் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "இனிமே எங்க ஆத்துல உன் கால் படக்கூடாது. அவ குழிமேட்டுக்கு வரணும்னாலும் அந்த தொண்ணூத்தேழு கிலோமீட்டர் சுத்தித்தான் வரணும். ஒவ்வொரு தடவையும்." மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

மேடம் நெற்றியைத் தேய்த்தார். "இதையெல்லாம் நான் எப்படி எழுதுறது? மேப் இந்தக் குழுவோட வேலை இல்ல. கையெழுத்துப் போடுறீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"மாட்டேன்."

"அப்போ புகார் நிக்காது." தட்டச்சரிடம் திரும்பினார். "ஓட்டுநருக்கு வேலை உண்டு. ஊர் வழி பழகுற வரைக்கும் தனியா அனுப்பக்கூடாது. எழுதிக்கோம்மா."

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் லோசிகே உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போனபோது தன் போனை நீட்டினார்.

"இப்பவாவது சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். பருவ ஆறு. அதன்மேல் வண்டித்தடம். மழை மாதங்களில் மூடல். முள் கிளை இருந்தால் இறங்கக்கூடாது என்பதைக் குறிப்பில் எழுதச் சொன்னேன். அவர் விரல் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அப்படியும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாலைக்குப் பெயர் என்ன என்று போன் கேட்டது. 'பள்ளிக்கூட வழி' என்றே எழுதினார். முடிந்ததும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நன்றி சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் முற்றத்தின் கடைசியில் நின்றது. ஓசோரோ முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். சாவி கையில் இருந்தது. என்னைப் பார்த்து இந்த முறை எழுந்திருக்கவில்லை.

"நன்றி சொல்லணும்னு பாக்குறேன்," என்றார். "வாய் வர மாட்டேங்குது."

"வேண்டாம்."

"மரத்தடியில கேட்டேனே உங்ககிட்ட. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்கன்னு. போனைப் பாத்துட்டு 'இல்லை'ன்னீங்க. அவ்வளவுதான். ஆறு வாரம் சார். படுத்தா அந்தப் பொண்ணு முகம். சாப்பாடு இறங்கலை. நீங்களும் அப்படித்தான் இருப்பீங்கன்னு நினைச்சு உங்களுக்காகவும் சேத்து அழுதிருக்கேன்."

வெயில் கழுத்தில் இறங்கியது.

"ஒண்ணு கேக்கணும்," என்றேன். "அவ என்ன பேசினா? ஜெபம் பண்ணான்னு சொல்றாங்க. நர்ஸ் பினாத்தினான்னு எழுதியிருக்காங்க."

ஓசோரோ சாவியைத் தரையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நான் உள்ள முழுசாச் சொல்லலை சார். சொன்னா வேலை போயிடும்னு பயம். நர்ஸும் அதான் அப்படி எழுதிட்டாங்க." கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நகுரியோவைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர்ல வழி பிரியுது. அங்க அவங்க எழுந்து உக்காந்தாங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணே, இடப்பக்கம் ஆத்துல இறங்குங்க, முள்ளு இல்ல பாருங்க'ன்னாங்க. நர்ஸ் படுங்க படுங்கன்னாங்க. அவங்க அம்மா தகரத்தை அடிச்சாங்க. நான் வண்டியை நிறுத்தினேன். சத்தியமா நிறுத்தினேன் சார். மணல்ல சிக்கிக்கிட்டா என்ன பண்றதுன்னு பயம். போனைப் பாத்தேன். நீலமா இருந்துச்சு. ஜன்னல் வழியா அவங்ககிட்டயே நீட்டினேன். 'பாருங்கம்மா, வழின்னு ஒண்ணும் இல்ல, தண்ணின்னுதான் போட்டிருக்கு'ன்னேன்."

"அவ பாத்தாளா?"

"பாத்தாங்க. போனைக் கையில வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம். விரலால அந்த நீலக்கோட்டைத் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. அப்புறம் திருப்பிக் குடுத்துட்டுப் படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலை. கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தாங்க. ஆனா பேசலை."

"படுக்கும்போது? ஒண்ணும் சொல்லலையா?"

"படுக்கும்போது ஒண்ணு சொன்னாங்க. கோவமெல்லாம் இல்ல சார். சாதாரணமாத்தான் சொன்னாங்க."

"என்ன சொன்னா?"

"சரிண்ணே, போன் சொல்ற வழியிலயே போங்க."